பக்கத்துத் தாளில் விழுந்த குண்டுகள்

பிப்ரவரி 9

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். உங்கள் பெண்ணுக்கு முன்பல் விழுந்ததாகச் சொன்னீர்களே, புதுப்பல் எட்டிப் பார்த்ததா? அவள் அம்மா, நம் தங்கச்சிக்கு ஒற்றைத் தலைவலி குறைந்திருக்கிறதா? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. போனில் பேசினால் நீங்கள் "ம்", "ம்" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். எழுதினால் பதில் எழுதித்தானே ஆகவேண்டும்.

உங்கள் அண்ணன் சனிக்கிழமை தவறாமல் போய்வந்த துப்பாக்கி கிளப்பிலிருந்து நேற்று ஓர் ஆள் என் சலவைக் கடைக்கே வந்துவிட்டார். அங்கே உங்கள் அண்ணனுடைய அலமாரி அப்படியே பூட்டிக் கிடக்கிறதாம். உள்ளே ஒரு ஏர் ரைஃபிள் இருக்கிறதாம். அவர் நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டதால் அதை யார் பெயருக்காவது மாற்ற வேண்டுமாம். விற்பதானாலும் முதலில் என் பெயருக்கு வர வேண்டும், அதற்கு நான் பாதுகாப்பு வகுப்பில் உட்கார வேண்டும் என்கிறார்கள். தொடத் தெரியாதவர் பெயரில் துப்பாக்கி இருக்கக்கூடாது என்பது அவர்கள் விதி.

எனக்குப் பட்டாசுச் சத்தமே ஆகாது. அந்தச் சனியனை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தேன், அவரும் கொண்டுவந்ததில்லை. நீங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், சாயங்காலத்தில் துப்பாக்கி சுடவும் கற்றுக்கொடுக்கிறீர்கள். அவருக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததே நீங்கள்தான். நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்.

எல்லாருக்கும் என் அன்பு.
அண்ணி

பிப்ரவரி 21

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

பல் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணல். தலைவலி வாரத்துக்கு ஒருமுறை வந்து விசாரித்துவிட்டுப் போகிறது. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டே இருக்காதீர்கள்.

வழி சுலபம். ஒரு நாள் வகுப்பில் உட்காருங்கள், கையெழுத்துப் போடுங்கள், விற்றுவிடுங்கள். அலமாரியைத் திறந்து பார்க்கக்கூட வேண்டாம். நானே ஆள் பார்க்கிறேன்.

வகுப்புக்குப் பயப்படாதீர்கள். இதை மட்டும் மனதில் வையுங்கள். குண்டு இல்லை என்று யார் சத்தியம் செய்தாலும் இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். குழல் முனை எப்போதும் இலக்குப் பக்கம்தான் பார்க்க வேண்டும், திரும்பி யாரிடமாவது பேசும்போதுகூட. சுடத் தயாராகும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். "நிறுத்து" என்ற குரல் கேட்டால், ஏன் என்று கேட்காமல் கீழே வைத்துவிட்டுக் கோட்டுக்குப் பின்னால் வந்துவிடுங்கள். யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம், அன்றைக்குத்தான் வந்த நீங்களும் சொல்லலாம்.

இதற்கு மேல் சொன்னால் வாத்தியார் வேலையைக் காட்டுகிறான் என்பீர்கள்.

அன்புடன்,
கொழுந்தன்

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், முழங்கால் கொஞ்சம் மசிந்திருக்கிறது. பாப்பாவின் கோணல் பல்லைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

வகுப்புக்குப் போய்வந்தேன். அந்த இடம் நான் நினைத்த மாதிரி இல்லவே இல்லை. நீளமான ஒரு கூடம், கடைசியில் வெள்ளைச் சுவர், அதில் உள்ளங்கை அளவு தாள்கள். பக்கத்தில் டீ போடும் ஒரு மேசை. எல்லாரும் நூலகத்தில் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசுகிறார்கள். சத்தமாகப் பேசுவது ஒரே ஒருத்திதான். அவள்தான் பயிற்சி கொடுப்பவள். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவளாம், எல்லாரும் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். "கோட்டைத் தாண்டாதீங்க"ன்னு அவள் ஒரு குரல் கொடுத்தால் போதும், பயிற்சிக்கு வந்த போலீஸ்காரரே இரண்டடி பின்னால் போகிறார்.

துப்பாக்கியை நீட்டியதும் நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டதைப் பார்த்துவிட்டாள். "பயமா இருக்கா? இருக்கட்டும். பயமே இல்லாம வர்றவங்களைப் பார்த்தாத்தான் எனக்குப் பயம்"னு சொன்னாள். முதல் அரைமணி நேரம் குண்டே கொடுக்கவில்லை. குழலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கயிறு விட்டிருந்தார்கள். இரண்டு முனையிலும் அது வெளியே தெரிந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தமாம். துப்பாக்கியை ஒரு தாங்கியில் வைத்து, வெறும் சுவரைப் பார்த்து விசையை அழுத்தப் பழக்கினாள். கடைசியில் ஐந்து குண்டு தந்தாள். காதைப் பொத்த முடியாதே என்று கண்ணை மூடிக்கொண்டேன். கடையில் ரசீதுக்கு ஸ்டேப்ளர் அடிப்போமே, அவ்வளவுதான் சத்தம். இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன் என்று சிரிப்பு வந்துவிட்டது.

கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் போகலாமா என்று ஒரு நப்பாசை. கண்ணைத் திறந்துகொண்டு ஒரு முறை சுட்டுப் பார்க்க வேண்டாமா?

அண்ணி

மார்ச் 24

அண்ணிக்கு வணக்கம்.

இத்துடன் போட்டோ வைத்திருக்கிறேன், பல்லைக் காட்டமாட்டேன் என்று அழுத பிறகு எடுத்தது.

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூட ஓய்வறையில் வைத்துப் படித்தேன். தனியாகச் சிரித்ததைக் கணக்கு வாத்தியார் பார்த்துவிட்டார். போங்கள் அண்ணி, கட்டாயம் போங்கள். மூச்சை இழுத்து, பாதி விட்டு, அப்படியே நிறுத்துங்கள். தம் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நிற்காதீர்கள், கண் மங்கும். அப்படி மங்கினால் சுடாமல் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். சுடாமல் கீழே வைப்பதுதான் என் மாணவர்களுக்குக் கடைசி வரை வராத வித்தை. விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக அழுத்துங்கள், எப்போது வெடித்தது என்று உங்களுக்கே தெரியக்கூடாது.

கிளப் துப்பாக்கியிலேயே பழகுங்கள். அலமாரியில் இருப்பது வேண்டாம்.

கொழுந்தன்

ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம்தானே? எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை, மானம்தான் போய்விட்டது.

இப்போது எல்லா சனிக்கிழமையும் போகிறேன். கடைக்கு அன்றைக்கு மதியத்தோடு விடுமுறைதானே. போன வாரம் பத்து குண்டு சுட்டேன். நீங்கள் சொன்ன மாதிரி மூச்சு, விரல் எல்லாம் சரியாகத்தான் செய்தேன். தாளைக் கொண்டுவந்து பார்த்தால் அப்போது இஸ்திரி போட்ட சட்டை மாதிரி ஒரு ஓட்டைகூட இல்லாமல் இருக்கிறது. சரி, சுவருக்குத்தான் யோகம் என்று நினைத்தேன். அதற்குள் இடது பக்கத்துத் தடத்தில் இருந்த மருந்துக்கடை அம்மா தன் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "நான் பத்துதான் சுட்டேன், இதுல பதினாறு ஓட்டை இருக்கு"ன்னு கண்டக்டரம்மாகிட்ட காட்டினாள். மற்ற நாலு எங்கே போயிற்று என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கண்டக்டரம்மா அந்தத் தாளையே ரொம்ப நேரம் பார்த்தாள். "ஆறும் ஒரே இடத்துல கூடி உட்கார்ந்திருக்கு. சுடத் தெரியாதவங்க சுட்ட மாதிரி இல்லையே"ன்னு மட்டும் சொன்னாள். அவளுக்கும் காரணம் பிடிபடவில்லை. உங்களுக்குப் புரிகிறதா?

இன்னொன்று. அலமாரியில் இருப்பதைத் தொட வேண்டாம் என்று இரண்டு கடிதத்திலும் எழுதியிருக்கிறீர்கள். ஏதாவது பழுதா?

அண்ணி

ஏப்ரல் 27

அண்ணிக்கு,

இங்கே எல்லாரும் நலம்.

இடது பக்கம் போகிறதென்றால் விசையை வெடுக்கென்று இழுக்கிறீர்கள், வேறொன்றும் இல்லை. வெறும் சுவரைப் பார்த்து இன்னும் பழகுங்கள்.

துப்பாக்கி வாங்க இங்கே ஒருவர் தயாராக இருக்கிறார். கிளப்பிலேயே கட்டிக் கொடுப்பார்கள், பிரிக்காமல் அனுப்பச் சொல்லுங்கள்.

கொழுந்தன்

மே 12

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவுக்குப் பரீட்சை முடிந்திருக்கும். நன்றாக எழுதினாளா?

பிரிக்காமல் அனுப்பு என்று நீங்கள் எழுதியதால்தான் பிரித்துப் பார்க்கத் தோன்றியது. என் குணம் உங்களுக்குத் தெரியாதா? கண்டக்டரம்மாவை வைத்துக்கொண்டு அலமாரியைத் திறந்தேன். வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி பளபளவென்று இருக்கிறது. அவள் கையில் எடுத்தவுடனே புருவத்தைச் சுருக்கினாள். "இது இடது கைக்காரங்க துப்பாக்கி. கன்னம் வைக்கிற இடம், பிடி, நெம்புகோல் எல்லாமே மாத்தி இருக்கு. தோள்ல வைக்கிற பின்கட்டையும் குட்டை. பொம்பளைங்க கைக்கு வெட்டின அளவு"ன்னு சொன்னாள்.

உங்கள் அண்ணன் பல் தேய்ப்பதிலிருந்து வேலையில் லிஃப்ட் ரிப்பேர் செய்வது வரை எல்லாம் வலது கைதான். அவர் கையும் நீளம். கிளப்பில் கேட்டால், அவர் கடைசி வரை கிளப் துப்பாக்கியில்தான் சுட்டாராம். இதில் ஒரு நாளும் சுட்டதில்லையாம். வாராவாரம் வெளியே எடுத்து, துடைத்து, எண்ணெய் போட்டு உள்ளே வைப்பாராம். யாருக்கு இது என்று கேட்டால் சிரிப்பாராம்.

எனக்கும் சிரிப்பு வர வேண்டும் என்று பார்க்கிறேன், வரவில்லை. நேராகவே கேட்கிறேன். யார் அந்த இடது கைக்காரி? உங்களுக்குத் தெரிந்துதானே அலமாரியைத் திறக்காதே, விற்றுவிடு என்று அவசரப்படுத்தினீர்கள்?

அண்ணி

ஜூன் 16

தம்பிக்கு,

எல்லாரும் நலம் என்றே நினைத்துக்கொள்கிறேன். ஒரு மாதமாகப் பதில் இல்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. சலவைக்கு வரும் சட்டையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன், உங்களுக்குத் தெரியும். இடது கையால் எழுதுகிறவர்களுக்கு இடது பக்கத்துக் கைப்பட்டியின் ஓரம்தான் மையாகி இருக்கும். கிளப்புக்கு வரும் பெண்கள் எல்லாருடைய கைப்பட்டியையும் பார்த்துவிட்டேன். சந்தேகம் இருந்தவர்களுக்கு நானே டீ ஊற்றிக் கொடுத்து, எந்தக் கையை நீட்டுகிறார்கள் என்று கவனித்தேன். ஒரே நாளில் அத்தனை பேருக்கு டீ கொடுத்ததில் கிளப்பில் எனக்கு நல்ல பெயர் வேறு வந்துவிட்டது. இடது கையை நீட்டியது மருந்துக்கடை அம்மா ஒருத்திதான். இவள்தான் என்றே முடிவு கட்டிவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், அவள் என்னைவிட ஒரு முழம் உயரம். அந்தக் குட்டைக் கட்டை அவளுக்குத் தோளுக்கே எட்டாது. அவள் கிளப்புக்கு வந்ததே போன வருஷம்தான்.

விளையாட்டாக எழுதுகிறேன், ஆனால் இது விளையாட்டு இல்லை. இருபத்தாறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். அவர் போன பிறகு தினமும் காலையில் அவரோடு மனதுக்குள் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் கடையைத் திறப்பேன். இப்போது பேச வாய் வரவில்லை. யாரோடு பேசுகிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். நல்லதோ கெட்டதோ, தெரிந்ததைச் சொல்லுங்கள்.

அண்ணி

ஜூலை 10

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. எழுதி எழுதிக் கிழித்ததில்தான் இவ்வளவு நாள் ஆனது. தெரிந்ததை முழுவதும் சொல்லிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் போன் செய்தார். இடது கைக்கு ஒரு ஏர் ரைஃபிள் வேண்டும், பின்கட்டை இவ்வளவு நீளம் இருக்கட்டும் என்று ஓர் அளவு சொன்னார். உருவத்தில் சின்னதான ஒரு பெண்ணின் அளவாக இருந்தது. நான்தான் இங்கே சொல்லி வாங்கி அனுப்பினேன். "யாருக்குண்ணே?"ன்னு கேட்டேன். "ஒரு பொம்பளைக்கு. முதல்ல அவ சம்மதிக்கட்டும், அப்புறம் சொல்றேன்"னு சிரித்தார். நீங்கள் வலது கைக்காரர். சாப்பாடு பரிமாறுவது, இஸ்திரி போடுவது, சின்ன வயதில் என் தலையில் குட்டியது எல்லாம் வலது கைதான். அப்படியென்றால் வேறு யார்? எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் போன் செய்தால் சுருக்கமாகப் பேசி வைத்துவிடுவேன். அவரும் அதைக் கண்டுகொள்ளாதது போல இருந்துவிட்டார்.

அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அதற்கு என்னிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை அண்ணி. நீங்கள் பார்க்காமலே அதை விற்றுவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

கொழுந்தன்

ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும், முதலில் நீங்கள். இதை உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த பிறகு இரண்டு வாரம் கிளப்புக்குப் போகவில்லை. மூன்றாவது வாரம், விற்பனைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். கண்டக்டரம்மா விடவில்லை. "பக்கத்துத் தாள்ல விழுந்த அந்த ஆறு குண்டு எனக்குத் தூக்கத்தைக் கெடுக்குது. முதல் நாள் உங்களுக்கு எந்தக் கை பழக்கம்னு மட்டும் கேட்டேன், எந்தக் கண்ணுன்னு பார்க்கலை. இப்படி நில்லுங்க"ன்னாள்.

இரண்டு கையையும் நீட்டி, விரல்களைச் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஜன்னல் மாதிரி வைக்கச் சொன்னாள். அது வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னாள். இடது கண்ணை மூடினேன், கடிகாரம் காணாமல் போயிற்று. வலது கண்ணை மூடினேன், கடிகாரம் அங்கேயே இருந்தது. "கை வலது, கண்ணு இடது. குறி பார்க்கிறது உங்க இடது கண்ணு, துப்பாக்கி இருக்கிறது வலது பக்கம். பின்னே குண்டு பக்கத்து வீட்டுக்குத்தானே போகும்? நீங்க இடது தோள்லதான் வெச்சுச் சுடணும்"ன்னு சொன்னாள்.

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நான் கையை இறக்கவே இல்லை தம்பி. இதை நான் முன்னாலேயே செய்திருக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால், எங்கள் சமையலறையில். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உங்கள் அண்ணன் வந்து, ஈரக் கையோடு இப்படி வை, அந்தக் கடிகாரத்தைப் பார், ஒரு கண்ணை மூடு, அடுத்ததை மூடு என்றார். "உங்களுக்கு வேற வேலை இல்லையா?"ன்னு கேட்டேன். அதோடு விடவில்லை. முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரல் வரை டேப் வைத்து அளந்தார். ஸ்வெட்டர் வாங்கப் போகிறார் என்று நினைத்து இரண்டு குளிர்காலம் காத்திருந்தேன். வரவில்லை. நான் மறந்தே போய்விட்டேன்.

கண்டக்டரம்மாவை அலமாரியைத் திறக்கச் சொன்னேன். கயிற்றை உருவி, உள்ளே ஒன்றும் இல்லை என்று இரண்டு பேரும் பார்த்த பிறகு கையில் வாங்கினேன். எனக்குத் தைத்த சட்டை மாதிரி இருந்தது. கிளப் துப்பாக்கிக்கு நான் எட்டி எட்டிக் கழுத்து வலித்துப் போவேன், இதில் கன்னம் தானாகப் போய்ப் பொருந்தியது. பத்து குண்டும் என் தாளிலேயே விழுந்தன. மருந்துக்கடை அம்மா தன் தாளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கை தட்டினாள். நான் கோட்டுக்குப் பின்னால் வந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன். எல்லாருக்கும் முன்னால்தான் அழுதேன், வெட்கமாகவே இல்லை.

நீங்கள் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்கள் என்னிடம் உளறியிருப்பீர்கள் என்று அவருக்குத் தெரியும். சம்மதிக்கட்டும் என்று சொன்னாரே, அவர் என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன், அதுவும் அவருக்குத் தெரியும். அதற்காக அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இன்று காலையில் கடையைத் திறப்பதற்கு முன் அதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

துப்பாக்கியை என் பெயருக்கே மாற்றிக்கொண்டேன். வாங்க வருவதாகச் சொன்னவரிடம் என் சார்பில் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

ஒன்றை நினைத்தால் மட்டும் மனது ஆறவில்லை. இத்தனை வருஷமும் சனிக்கிழமை மதியம் அவர் அங்கே உட்கார்ந்து அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நான் வீட்டில்தான் இருந்தேன் தம்பி. ஒரு வேலையும் இல்லாமல், சும்மாதான் இருந்தேன்.

அன்புடன்,
அண்ணி